கணினிக் கலை பயில்வோருக்குக் கையருகே உள்ள கலாசாலைகள்

மும்பை மாநகரத்தில் பகற்பொழுதெல்லாம் ஒரு தொழிலைச் செய்து ஜீவனம் நடத்திவிட்டு, இரவு வேளையில் அத்தொழிலுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு கலையில் மனத்தைச் செலுத்துகிற தமிழர்கள் எந்தக் காலத்திலும் இருந்தே வந்திருக்கிறார்கள். மாட்டுங்காவில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டே சபா நாடகங்களில் வேஷம் கட்டியவர்களும், செம்பூரில் காலை வேளையில் தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன் அரைமணி நேரமாவது வீணையை மடியில் வைத்தவர்களும், தாராவியில் தோல் கிடங்கிலிருந்து திரும்பிய களைப்போடு கோயில் கொடைக்கு ஒத்திகை பார்த்தவர்களும் அந்த வட்டாரங்களில் அபூர்வமான மனிதர்கள் அல்லர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எடுத்திருக்கும் சாதனந்தான் வேறு. கைபேசியிலும், லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய மடிக்கணினியிலும் அவர்கள் சித்திரம் தீட்டுகிறார்கள். பாட்டுக்குப் பீட் போடுகிறார்கள். குறும்படம் எடுத்து எடிட்டிங் செய்கிறார்கள். கோலத்தைத் திரையில் இழைக்கிறார்கள். ஒரு சிலர் தமிழ் எழுத்துருவே வரைந்து பார்க்கிறார்கள். இவற்றால் காசு வருமா என்ற விசாரம் இல்லாமல், செய்வதில் உள்ள சுகத்துக்காகவே செய்கிற இந்தக் கூட்டம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது.

இவர்களுக்கு ஆசான் யார் என்று விசாரித்தால் பெரும்பாலோர் இணையத்தையே சுட்டுவார்கள். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, அதன் போட்டியால் இந்தியா முழுவதும் இணையக் கட்டணம் வீழ்ந்த பிறகு, முன்பு மாதச் செலவுக் கணக்கில் தனியாக எழுதி வைக்க வேண்டியிருந்த காணொளி பார்க்கும் வழக்கம் சர்வசாதாரணமாகிவிட்டது. ஆனால் இந்தத் தாராளத்தினால் ஒரு புதிய சங்கடமும் முளைத்திருக்கிறது. பிறர் செய்த அற்புதங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் நாம் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற பிரமை உண்டாகி, இரவு பன்னிரண்டு மணிக்குக் கைபேசியைக் கீழே வைக்கும்போது, நூறு பேருடைய கைவண்ணத்தைக் கண்டிருந்தும் தம் கையால் ஒரு கோடுகூட இழுக்காமல் தூங்கப் போகிற இளைஞர்கள் அநேகர். ஊக்கம் தருகிற காட்சிகளுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. முறையாக, முதற்பாடத்திலிருந்து கைப்பிடித்து அழைத்துச் செல்கிற போதனைக்குத்தான் பஞ்சம் என்று பலரும் குறைப்படுகிறார்கள். அந்தக் குறை முழுவதும் நியாயமானதன்று என்பதும், ஏழு கடல் தாண்டித் தேடுகிற அந்தப் போதனையில் கணிசமான பகுதி இதே மும்பையில், அதிலும் பெரும்பாலும் பவாயில் உள்ள ஒரே கலாசாலையில், உருவாகித் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரை சொல்ல வந்த விஷயம்.

அதற்கு முன்பு, இணையத்தைத் தக்க விதத்தில் பயன்படுத்திக்கொண்டவர்கள் யார் என்று பார்ப்பது உசிதம். அதற்கு நாம் தாராவிக்குத்தான் போக வேண்டும். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய பரப்பில் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருங்கி வாழ்கிற அந்தப் பேட்டையில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்களின் வாரிசுகளும், மராட்டியரும், குஜராத்திக் குயவர்களும், உத்தரப் பிரதேசத்தாரும் ஒரே சந்துக்குள் மூன்று நான்கு பாஷைகளில் பேசிக்கொள்வது வழக்கம். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே சில பையன்கள் ஹிப்ஹாப் என்னும் அமெரிக்கச் சங்கீதத்தில் மோகங்கொண்டார்கள். 1973இல் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்கரும் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்த ஒரு விருந்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கலை, ஜன்ம தேசத்திலிருந்து காணொளி வழியாகத் தாராவிக்கு வந்து சேர்ந்தது. ஸ்லம்காட்ஸ் என்ற குழுவினர் தெருவிலே பிரேக் நடனம் ஆடவும், டோப்படெலிக்ஸ், செவன் பண்டாய்ஸ் முதலிய குழுவினர் தமிழும் இந்தியும் மராட்டியும் கலந்து ராப் பாடவும் தொடங்கினார்கள். சங்கீதப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாத அவர்களுக்குத் தாளக்கட்டும் சுவாசக்கட்டும் போதித்தவை பெரும்பாலும் யூடியூபில் கண்ட காட்சிகளே.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இணையத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது தாளம், நடை, மேடையில் நிற்கும் தோரணை ஆகிய வெளியுருவத்தை மட்டுமே. பாட்டின் பொருளை அவர்கள் பிராங்ஸில் தேடவில்லை. தங்கள் சந்தில் ஓடுகிற சாக்கடையையும், போலீஸ்காரனுடைய கெடுபிடியையும், தாராவி என்று விலாசம் சொன்னாலே முகம் சுளிக்கிற நகரத்தையும் பாடினார்கள். அதனால்தான் பா. இரஞ்சித் 2018இல் தாராவியைக் களமாக வைத்து 'காலா' படத்தை எடுத்தபோது, சந்தோஷ் நாராயணன் அந்தப் படத்தின் பாட்டுக்களுக்கு டோப்படெலிக்ஸ் குழுவினரையே சேர்த்துக்கொண்டார். ரஜினிகாந்த் படத்தில் தாராவித் தமிழ் தன் சொந்தக் குரலிலேயே ஒலித்தது. பிராங்ஸின் கோபத்தை அப்படியே இரவல் வாங்கிப் பாடியிருந்தால் அவர்களை யார் தேடி வந்திருக்கப் போகிறார்கள்?

தனியாகப் பார்த்துப் பழகிய வித்தைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் தாராவியே உணர்ந்துகொண்டது. 2015இல் தொடங்கிய தாராவி டிரீம் புராஜெக்ட் என்ற அமைப்பு, ஹிப்ஹாப் மாலைப்பள்ளி ஒன்றை அங்கே நிறுவி, ராப், பிரேக் நடனம், வாயாலேயே தாளவாத்தியம் வாசிக்கும் பீட்பாக்ஸ், சுவரோவியம் ஆகியவற்றைச் சிறுவர் சிறுமியருக்குக் கட்டணமின்றிச் சொல்லிக் கொடுத்து வருகிறது. காணொளியில் கண்டதைக் கைவசமாக்கிக்கொள்ள, பக்கத்தில் நின்று 'இந்த இடத்தில் மூச்சை விட்டுவிட்டாய்' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. குருகுலவாசத்தின் மகிமையை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

தாராவியின் இன்னொரு மூலையில், நயா நகர் என்ற குடியிருப்பில், சினிமாக் கலைஞரான நவ்நீத் ரஞ்சன் 2014 வாக்கில் 'தாராவி டைரி' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அங்கே கூடிய பள்ளிச் சிறுமிகள் சிலர், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பராமரித்து வருகிற 'ஆப் இன்வென்டர்' என்னும் இலவசச் சாதனத்தையும், இணையத்தில் கிடைத்த பாடக் காணொளிகளையும் வைத்துக்கொண்டு கைபேசிச் செயலிகள் செய்யப் பழகினார்கள். ஆப் இன்வென்டர் என்பது கணினி மொழியின் கடுமையான இலக்கணத்தைக் கற்காமலே, வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவது போலக் கட்டளைகளை அடுக்கிச் செயலி செய்ய உதவுவது; 2010இல் கூகிள் வெளியிட்டுப் பிறகு அந்தக் கழகத்தின் வசம் ஒப்புவித்தது. அச்சிறுமிகள் செய்தவை யாவை? அபாயத்தில் சிக்கிய பெண் கைபேசியைத் தொட்டவுடன் ஓலமிட்டு, அவள் இருக்குமிடத்தை வேண்டியவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிற ஒரு செயலி. பொதுக் குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருப்போரின் முறையை ஒழுங்குபடுத்தி, முறை வரும்போது அறிவிக்கிற மற்றொரு செயலி. குழாயடிச் சண்டையைக் கண்ணாரக் கண்டவர்களுக்கல்லாமல் வேறு யாருக்கு இந்த யோசனை தோன்றும்? அவர்கள் இணையத்திடம் போனபோது, தமக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனார்கள். ஆகையால் அந்த மகாசமுத்திரத்தில் தத்தளிக்காமல், வேண்டிய முத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கரையேறினார்கள்.

இனிப் பவாய்க்கு வருவோம். அங்குள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் பேராசிரியராக இருந்த கண்ணன் மௌத்கல்யா என்பவரின் தலைமையில், மத்திய சர்க்காரின் பொருளுதவியோடு தொடங்கிய 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' என்ற திட்டத்தைப் பற்றிப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஓரளவு அறிவார்கள். பொழுதுபோக்காகக் கலை பயில்கிறவர்கள் பெரும்பாலும் அறியமாட்டார்கள். கணினி மென்பொருள் ஒவ்வொன்றையும் ஏறத்தாழப் பத்து நிமிஷம் ஓடக்கூடிய சிறு சிறு பாடங்களாகப் பகுத்து, திரையில் செய்கை நடந்துகொண்டிருக்கையிலேயே ஒரு குரல் விளக்கிச் சொல்லும் விதத்தில் பதிவு செய்து, அந்தக் குரலைத் தமிழ் உள்ளிட்ட இந்திய பாஷைகளில் மாற்றி வழங்குவது அதன் முறை. படங்களைத் திருத்தும் கிம்ப், கோட்டுச் சித்திரம் வரையும் இங்க்ஸ்கேப், முப்பரிமாண உருவங்களையும் சலனச் சித்திரங்களையும் ஆக்கும் பிளெண்டர், ஒலியைப் பதிவு செய்து செப்பனிடும் ஆடாசிட்டி ஆகிய நான்கும் அதில் பாடங்களாக உண்டு. ஒரு கிரியேட்டருக்கு ஆரம்பத்தில் வேண்டிய ஆயுதங்கள் ஏறக்குறைய இவ்வளவே.

அந்தப் பாடங்களின் அமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. குரல் தமிழில் ஒலித்தாலும், திரையில் தெரிகிற பொத்தான்களும் பட்டியல்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். இதைக் குறை என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் ஆங்கிலத் திரையைத்தான் எதிர்கொள்ள வேண்டும் என்பதால், விளக்கம் தாய்மொழியிலும் கருவி அதன் நடைமுறை மொழியிலும் இருக்கட்டும் என்று தீர்மானித்தே அவ்வாறு செய்திருக்கிறார்கள். மேலும், காணொளியை ஒரு பாதியிலும் மென்பொருளை மறு பாதியிலும் திறந்து வைத்துக்கொண்டு, குரல் சொல்வதை உடனுக்குடன் தம் கையால் செய்து பார்த்து, தவறினால் நிறுத்தித் திரும்பவும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதிக்கும் நியமம். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பாடங்கள் சலிப்பூட்டும். மேற்கத்திய யூடியூப் ஆசிரியர்களுடைய வேகமும் வேடிக்கையும் இவற்றில் கிடையா. சில பாடங்கள் மென்பொருளின் பழைய பதிப்பைக் கொண்டு எடுக்கப்பட்டவை என்பதால், பொத்தான் இருக்கும் இடம் மாறியிருப்பதும் உண்டு. இவ்வளவு சொல்லியும், முதல் ஒரு மாத அப்பியாசத்துக்கு இவற்றை மிஞ்சிய சாதனம் தமிழில் இல்லை என்பதே என் அபிப்பிராயம். பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பயிலலாம்; ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற பாக்கியசாலிகள் இந்த வசதியை உபயோகித்துக்கொள்ளலாம்.

இத்திட்டத்தின் கிம்ப் பாடங்களுக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வகதை உண்டு. ஜெர்மனியின் வடபகுதியில் பிரெமன் நகரத்தில் வசித்த ரோல்ஃப் ஸ்டைனார்ட் என்பவர், தமக்கிருந்த புகைப்பட மோகத்தினால், கிம்ப் மென்பொருளைப் பற்றித் தம் வீட்டிலிருந்தே காணொளிகள் தயாரித்து, யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டு வந்தார். பவாய்க்காரர்கள் அவற்றை எடுத்து எழுத்தில் வடித்து இந்திய பாஷைகளில் குரல் மாற்றினார்கள். ஜெர்மானியர் ஒருவர் தம் ஓய்வு வேளையில் சொன்ன பாடம், அவர் முகத்தையே கண்டிராத தமிழர்களுக்குத் தமிழில் கேட்கிறது. இதற்கு இடைநின்றவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அலையவில்லை, ராயல்டி பேசவில்லை. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று வழங்கும் உரிம முறையின் பிரயோஜனத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

மென்பொருள்களைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல வேண்டும். விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை நண்பரிடமிருந்து பெற்று நிறுவிக்கொள்வது நம் நாட்டில் பாவமாகவே கருதப்படாமல் நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. தர்ம நியாயத்தை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாலும், அத்தகைய பிரதிகளோடு வைரஸ் வந்து சேர்ந்து, சேமித்த வேலை முழுவதையும் நாசமாக்குவதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிக்கனம் மிகுந்த செலவில் போய் முடியும். பிளெண்டரின் சரித்திரம் இதற்கு ஒரு நல்ல மாற்று மருந்து. நெதர்லாந்துக்காரரான டான் ரோசண்டால் உருவாக்கிய அந்த மென்பொருளை வைத்திருந்த கம்பெனி 2002இல் நொடித்துப் போகவே, அதன் மூலநிரலை விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்தாக்குவதற்காக ஒரு லட்சம் யூரோ வேண்டுமென்று உபயோகிப்போரிடமே அவர் யாசித்தார். ஏழே வாரங்களில் அந்தத் தொகை சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் தேதி பிளெண்டர் எல்லோருக்கும் உரியதாயிற்று. 2025 மார்ச்சில், லாத்வியா என்ற சிறு தேசத்தைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், முழுவதும் பிளெண்டரிலேயே ஆக்கிய 'ஃப்ளோ' என்ற வசனமில்லாத பூனைக் கதைக்காக, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களைப் பின்தள்ளி ஆஸ்கார் விருது பெற்றார். ஒரு பைசா செலவில்லாமல் செம்பூரில் ஒருவர் தம் கணினியில் இறக்கிக்கொள்கிற பிளெண்டரும், ஸில்பலோடிஸ் உபயோகித்த பிளெண்டரும் ஒன்றே. கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த மென்பொருள் உதவாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சித்திரத்திலோ ஒலிப்பதிவிலோ தொடங்குவது நலம்.

தமிழில் படைப்பவர்களைப் பிடிக்கும் ஒரு தனிப்பட்ட தொல்லை எழுத்துருவைப் பற்றியது. அழகான ஒரு படத்தைச் செய்து முடித்துத் தலைப்பைத் தமிழில் எழுதப் புகுந்தால், ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோர் இடத்திலுமாகச் சிதறி, 'கொலு' என்ற சிறு சொல்கூட அடையாளம் தெரியாமல் போய்விடுவதைப் பலர் கண்டு மனம் நொந்திருப்பார்கள். இதற்குக் காரணம் எழுத்துருவின் குற்றமன்று. இந்திய எழுத்துக்களை உரிய வரிசையில் கோத்துக் காட்டும் பொறி அந்த மென்பொருளில் இல்லாமையோ, இருந்தும் முடுக்கப்படாமையோதான். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் அந்தப் பொறி இயல்பாகவே இருப்பதால் தமிழ் பிசகாமல் வரும். விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய எழுத்துக்களுக்கென்று உள்ள அமைப்பைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் மும்பைக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமன்று. விண்டோஸில் நெடுங்காலமாகத் தமிழ் வாசகர் கண்ணுக்குப் பழகிப்போன 'லதா' எழுத்துரு, மும்பையில் வாழ்ந்த மராட்டியரும் எழுத்துக்கலை விற்பன்னருமான ஆர். கே. ஜோஷியின் மேற்பார்வையில் வடிவெடுத்தது. அவர் ஆசிரியராக இருந்த பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில்தான், பின்னாளில் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமார் பயின்று, தமிழ் எழுத்துக்களின் அச்சு வடிவங்களை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். 2010 ஜூலை 15ஆம் தேதி மத்திய மந்திரிசபை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீடு அவர் வரைந்ததே. தமிழெழுத்தின் வளைவிலே மூழ்கியிருந்தவர் தேவநாகரியின் 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக இணைத்துப் பாரத தேசத்தின் நாணயத்துக்கு அடையாளம் தந்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்ற எழுத்துருக் கூடத்தார் ஆக்கிய 'பலூ தம்பி', 'முக்தா மலர்', 'அனேக் தமிழ்' ஆகியவை கூகிள் எழுத்துருக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வியாபாரக் காரியங்களுக்கும் தடையின்றி உபயோகிக்கலாம். மாட்டுங்கா மளிகைக் கடைக்கு ஒரு விளம்பரப் பலகை செய்து தர வேண்டுமானால் பலூ தம்பியின் பருத்த உருவம் ஏற்றது. நீண்ட வாசகங்களுக்கு முக்தா மலரே கண்ணுக்கு இதம்.

அதே ஐ.டி.சி. பள்ளியார் 'டி'சோர்ஸ்' என்ற இணையக் களஞ்சியம் ஒன்றையும் நடத்துகிறார்கள். வர்ணங்களின் பொருத்தம், எழுத்துக்கலை, சலனச் சித்திரம் முதலியவற்றைப் பற்றிய பாடங்களோடு, தேசத்தின் மூலைமுடுக்குகளில் உள்ள கைவினைகளைப் புகைப்படமும் விவரணையுமாக அதில் தொகுத்திருக்கிறார்கள். மேல்நாட்டார் வெளியிடும் பளபளப்பான படங்களைப் பார்த்துப் பார்த்து, எல்லோரும் ஒரே மாதிரியான ஊதா வானமும் நியான் விளக்கும் வரைந்து தள்ளுகிற இக்காலத்தில், ஒரு நெசவாளி பாவு ஓட்டுவதையும் ஒரு குயவர் சக்கரம் சுற்றுவதையும் நிதானமாகக் காட்டுகிற களஞ்சியம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் சொல்லி முடியாது. தாராவிவாசிகளுக்கு அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. குயவர் பேட்டையான கும்பார்வாடாவுக்குள் நடந்தால் சூளைப் புகையோடு நேரிலேயே காணலாம்.

தமிழ்ப் பொருள் தேடுவோருக்கு வேறு சில கருவூலங்கள் உண்டு. 1998இல் பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களின் பாடத்தைத் தருகிறது. இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் சேகரித்து வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அந்தக் காலத்து அட்டைப்படங்களில் வர்ணங்கள் மூன்றோ நான்கோ வைத்துக்கொண்டே ஓவியர்கள் என்னென்ன ஜாலம் செய்தார்கள் என்று பார்க்கிற இளைஞர், தம் மென்பொருளில் கிடக்கிற கோடி வர்ணங்களைக் கொஞ்சம் அடக்கத்தோடு கையாள்வார். கர்நாடக சங்கீதத்தில் பற்றுள்ள ஒலிப்பதிவாளருக்கு, ரசிகர்கள் சேர்ந்து இலாப நோக்கமின்றி நடத்துகிற சங்கீதப்ரியா என்ற இணையதளம் இருக்கிறது. பொம்மையும் விஞ்ஞானமும் கலந்து செய்ய விரும்பும் தாய் தந்தையருக்கு, பத்ம ஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தா, குப்பையில் எறியும் பொருள்களைக் கொண்டே விளையாட்டுச் சாமான் செய்யக் கற்பிக்கும் காணொளிகள் தமிழிலும் உண்டு.

பார்த்து ரசிப்பது வேறு, எடுத்து உபயோகிப்பது வேறு என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் வரை அவர் படைப்பின் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. மின்னூலகத்தில் இருக்கிறது என்பதனாலேயே ஓர் ஓவியத்தை வெட்டியெடுத்துத் தம் காணொளியில் ஒட்டிக்கொள்ளலாகாது. உரிமை தீர்ந்தவற்றையும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவற்றையும் பெயர் சுட்டி எடுத்தாள்வதே கௌரவமான வழி.

ஒரு வரி தட்டெழுதினால் உடனே படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். அவசரத்துக்கு அவை உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்வதன் சுகத்துக்காகச் செய்யும் ஒருவர், அந்தச் செய்கையையே இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், முதலில் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு காரியத்தைத் தேர்ந்துகொள்வது நன்று: தங்கையின் கல்யாணப் பத்திரிகை, பிள்ளையார் சதுர்த்தி மண்டலின் அறிவிப்பு, பாட்டி சொன்ன கதைக்கு ஒலிவடிவம், இவற்றில் எதுவாயினும் சரி. அந்தக் காரியத்துக்கு எந்தக் கருவி வேண்டுமோ அதன் பாடங்களை மட்டும் ஸ்போக்கன் டியூட்டோரியலில் வரிசை தப்பாமல் பயின்று, காரியத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகட்டும். பாதியில் பத்து மென்பொருள்களைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் வசப்படாது. முடித்ததை நாலு பேருக்குக் காட்டுவதும் அவசியம். புகழ்ந்து கட்டைவிரல் உயர்த்தும் அந்நியரைக் காட்டிலும், முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஒரு சிநேகிதர் மேல்.

இணையத்திடமிருந்து இவ்வளவையும் பெற்றுக்கொள்கிறவர்கள், அதற்குத் தம் பங்காக ஏதேனும் தருவதும் முறை. பிரெமன் நகரத்து மனிதர் தம் ஓய்வு வேளையைத் தந்தார். மும்பைத் தமிழர்கள் தங்கள் பேட்டைகளையே தரலாம். கிங்ஸ் சர்க்கிளின் பூக்கடை வரிசை, செட்டா நகர் முருகன் கோயில், கும்பார்வாடாவின் சூளைகள், தாங்களே இட்ட மார்கழிக் கோலம் ஆகியவற்றைத் தங்கள் கைபேசியால் படமெடுத்து, இடமும் தேதியும் தமிழில் குறித்து, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி வையுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்றிய படத்தை, உங்கள் பெயரைச் சொல்லி, உலகத்தில் யாரும் எடுத்தாளலாம்.